பெரியம்மாவின் பெயர்

றோசலின்: இப்ப என்ன சொன்னனீ?

றெபேக்கா: ஒண்டும் சொல்லேல்லை அம்மா. லேனை மாத்துங்கோ, எயார்போட் எக்ஸிற் வரப்போகுது.

றோசலின்: எக்ஸிற் எனக்குத் தெரியும். "கிளடிஸின்ரை பிளேன் இறங்கீட்டுது" எண்டு சொன்னனீ.

றெபேக்கா: இறங்கீட்டுதுதானே, ஒரு மணித்தியாலமாச்சு. போனிலை காட்டுது.

றோசலின்: பிளேனை விடு. கிளடிஸ் ஆர்? உன்னோடை படிக்கிற பெட்டையோ? என்ரை அக்கா. உனக்குப் பெரியம்மா.

றெபேக்கா: வாய் தவறி வந்திட்டுது.

றோசலின்: பேச்சுப் பழகின நாளிலையிருந்து பெரியம்மா எண்டு சொன்ன வாய். அது எப்பிடித் தவறும்?

றெபேக்கா: சொறி எண்டு சொன்னன்தானே.

றோசலின்: எப்ப சொன்னனீ?

றெபேக்கா: இப்ப.

றோசலின்: ஒரு வருசம்... ஒரே ஒரு வருசம் இங்கிலாந்திலை படிச்சுப்போட்டு லீவுக்கு வந்து நிக்கிறாய். சனிக்கிழமை இங்கை விட்பியிலை, உன்ரை மாமான்ரை மோன் ஜோசுவான்ரை கலியாணத்திலை, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை "ஹாய் கிளடிஸ்" எண்டாய் எண்டா, நான் என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?

றெபேக்கா: சொல்லமாட்டன்.

றோசலின்: எண்ணூறு வருசத்துப் பள்ளிக்கூடமாம். உதைத்தானோ அங்கை படிப்பிச்சவை?

றெபேக்கா: அங்கை படிப்பிச்சது வேறை. கறுத்தக் கவுண் போடாமல் இராச்சாப்பாட்டுக்குப் போகக்கூடாது. லத்தீனிலை செபம் சொல்லி முடியுமட்டும் சூப்பிலை கை வைக்கக்கூடாது. புல்லிலை மிதிக்கக்கூடாது, புரொபெசர்மார் மட்டும்தான் மிதிக்கலாம்.

றோசலின்: லத்தீனிலை செபமோ? நல்லதுதானே.

றெபேக்கா: ஐயோ அம்மா...

றோசலின்: கதையை மாத்தாதை. புல்லுக்குக் குடுக்கிற மரியாதை பெரியம்மாவுக்கு இல்லையோ? பேர் சொல்லிக் கூப்பிட ஆர் பழக்கினது?

றெபேக்கா: அங்கை பழகினது.

றோசலின்: அங்கை எண்டா?

றெபேக்கா: கொலிச்சிலை.

றோசலின்: சரி, விடு. பாட்டுப் போடு.

றெபேக்கா: என்ன விடு? இவ்வளவு நேரமும் ஏசினியள்.

றோசலின்: ஏசி முடிஞ்சுது. பாட்டுப் போடு.

றெபேக்கா: இல்லை. கேட்டனீங்கள்தானே, சொல்லத்தான் போறன். பெரியம்மாவுக்கு அங்கை ஒஃபிஸ் வேலை இல்லை.

றோசலின்: உந்தத் தண்ணிப் போத்தலை எடு.

றெபேக்கா: அம்மா, கேக்கிறியளோ? நீங்கள் கோயில்லை எல்லாருக்கும் "அக்கா யூனிவசிற்றி ஒஃபிசிலை" எண்டு சொல்லி வைச்சிருக்கிறியள். அவ கிளீனிங். எங்கடை கொலிச்சிலை ஒவ்வொரு படிக்கட்டிலையும் கொஞ்ச அறையள் இருக்கு. ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஒராள் வந்து கூட்டித் துடைக்கிறது. போன முதல் கிழமை என்ரை கதவு தட்டுப்பட்டுது. திறந்தா... நீல ஏப்பிறன், கையிலை வக்கூம் மிசின், பெரியம்மா.

றோசலின்: கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கு.

றெபேக்கா: கட்டிப்பிடிக்கப் போனன். அவ வக்கூமை நடுவிலை வைச்சா. "இங்கை பிள்ளையள் எல்லாம் என்னைக் கிளடிஸ் எண்டுதான் கூப்பிடுறவை, நீயும் அப்பிடியே கூப்பிடு" எண்டா.

றோசலின்: உடனை நீயும் கூப்பிட்டனியோ?

றெபேக்கா: சண்டை பிடிச்சன். ஏலாது எண்டன். அவ கதவைச் சாத்திப்போட்டு அழுதா. பிறகுதான் கூப்பிட்டன்.

றோசலின்: அழுதவவோ? அக்காவோ?

றெபேக்கா: ஓம். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? அவ ஒஃபிசிலை எண்டு நம்பிக்கொண்டு இருக்கிறியள்.

றோசலின்: இவன் ஏன் உள்ளுக்கை வெட்டுறான்... சிக்னலும் போடாமல்.

றெபேக்கா: எனக்கு எவ்வளவு விசர் வரும், தெரியுமோ? ஒவ்வொரு நாளும் விடிய "மோர்ணிங் கிளடிஸ்". ஒருநாள் ஸ்டெபனி, பக்கத்து அறைப் பெட்டை, உவ உன்ரை சொந்தமோ எண்டு கேட்டவள். நான் வாய் திறக்க முதல் பெரியம்மா "நோ, லவ்" எண்டு அந்த ஊர்க்காரர் மாதிரிச் சொல்லிப்போட்டு வாளியையும் தூக்கிக்கொண்டு இறங்கீட்டா. அண்டைக்கு அந்தக் கவுணைப் போட்டுக்கொண்டு மேசையிலை இருக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது. சாப்பிடாமல் எழும்பி வந்திட்டன்.

றோசலின்: அவ வேறை படிக்கட்டுக்கு மாறியிருக்கலாமே.

றெபேக்கா: அவ கேட்டு மாறி வந்ததே என்ரை படிக்கட்டுக்குத்தான். எனக்குக் காய்ச்சல் எண்டு தெரிஞ்ச உடனை, துடைக்கிற துணியளுக்கை ஒளிச்சு ஃபிளாஸ்கிலை ரசம் கொண்டு வந்தவ. நான் ரசம் குடிச்சு முடியுமட்டும் வக்கூமைப் போட்டுவிட்டிட்டு என்ரை கட்டில்லை இருந்தவ, வெளியிலை கேக்கிறவைக்கு வேலை நடக்கிற மாதிரி.

றோசலின்: உதெல்லாம் ஆறுதலாக் கதைப்பம். அங்கை பார், வாசலிலை நிக்கிறா. பச்சை ஜக்கெற். அவவிட்டை இப்ப உந்தக் கதை ஒண்டும் எடுக்காதை.

றெபேக்கா: ஏன் எடுக்கக்கூடாது?

றோசலின்: களைச்சு வாறா, பிள்ளை. சொல்லுறதைக் கேள்.

றெபேக்கா: பெரியம்மா. இஞ்சாலை... பெரியம்மா.

கிளடிஸ்: கேக்குது, கேக்குது. பெட்டியைப் பாத்துத் தூக்கு, அதுக்குள்ளை மாப்பிள்ளைக்கு வாங்கின கிளாஸ் செற் கிடக்கு. என்னடி றோசலின், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?

றோசலின்: ஒண்டுமில்லை அக்கா. முன்னுக்கு ஏறுங்கோ. பெல்ற்றைப் போடுங்கோ.

றெபேக்கா: பெரியம்மா, நான் அம்மாவிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். வக்கூம், படிக்கட்டு, பேர், எல்லாம். அடுத்த வருசம் ஆர் நிண்டாலும் நான் பெரியம்மா எண்டுதான் கூப்பிடுவன். விருப்பமில்லாட்டி என்ரை அறையைக் கூட்டாதையுங்கோ.

கிளடிஸ்: எனக்கென்ன விருப்பமில்லாமல்? கொம்மாவைக் கேள்.

றோசலின்: அக்காவுக்குப் பசிக்கும். வழியிலை ரீ வாங்குவம்.

கிளடிஸ்: ரீ கிடக்கட்டும். நீ இன்னும் இவளுக்குச் சொல்லேல்லையோ?

றெபேக்கா: என்னத்தை?

றோசலின்: அக்கா... வேண்டாம்.

கிளடிஸ்: என்ன வேண்டாம்? பழி எனக்கெல்லோ. நான் அங்கை கூட்டுறது கொம்மாவுக்கு முதல் நாளிலையிருந்து தெரியும், பிள்ளை. நீ பிளேன் ஏறின அண்டைக்குப் போன் எடுத்தவள். "அக்கா, அவளைக் கண்ணுக்கு முன்னாலை வைச்சிருங்கோ, ஆனா பெரியம்மா எண்டு மட்டும் கூப்பிட விடாதையுங்கோ, அந்தப் பெரிய இடத்துப் பிள்ளையளுக்கு முன்னாலை என்ரை பிள்ளை குறைஞ்சு போயிடுவாள்" எண்டவள். நானும் ஓம் எண்டிட்டன். நீ ஒவ்வொரு விடியவும் "பெ..." எண்டு தொடங்கி, அதை விழுங்கிப்போட்டுத்தான் கிளடிஸ் எண்டுவாய். அந்தப் "பெ" எனக்குக் காணும். றோசலின், ரோட்டைப் பாத்து ஓட்டு. அழுறதெண்டா ஓரமா விட்டிட்டு அழு.