முதலில் உட்கார்ந்தவர்

— அதையேதாம்மா எல்லாரும் சொல்றாங்க. காலையிலேர்ந்து இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காம போன்ல இந்த ஒரே வாக்கியத்தைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். ‘நான் வேணும்னு உட்காரலை, டீ குடிக்கப் போயிருந்தேன்.’

— நான் எங்க தம்பி டீ குடிக்கப் போனேன்? இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலயே வச்சுட்டு வந்துட்டேன், அதை எடுக்க ஓடினேன்னு சொல்றேன். காதுல என்ன பஞ்சா?

— மன்னிக்கணும். இஸ்திரிப் பெட்டி. குறிச்சுக்கிட்டேன்.

— ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவ நான். ஒரு சட்டை கருகினா துணிக்கு யார் பதில் சொல்றது? ஓடினேன். திரும்பி வந்து கம்ப்யூட்டர்ல பார்த்தா, உங்க விளையாட்டுச் சந்தைக்கு நடுவுல என் பொம்மை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு. கொஞ்ச நேரம் கையெடுத்தா தானா உட்கார்ற மாதிரி அதைச் செஞ்சது யாரு? நீங்க. உட்கார்ந்தது குத்தம்னு கணக்கை மூடறது யாரு? அதுவும் நீங்க. பிள்ளையையும் கிள்ளிவிட்டு, தொட்டிலையும் நீங்களே ஆட்டினா எப்படி?

— விதியைப் படிச்சுக் காட்டிடறேன்மா. படிக்கணும்னு இருக்கு. ‘சந்தைச் சதுக்கத்தில் அமர்ந்த நிலையில் காணப்படும் ஆட்டக்காரர் எவரும், அரசியல் நோக்கத்துடன் அமர்ந்தவராகவே கருதப்படுவார். அவருடைய கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.’

— கருதப்படுவாராமே! யார் கருதறா?

— மின்மினிங்கற பேர்ல விளையாடற பொண்ணுக்காகத்தான் கூட்டம் கூட்டமா அங்க உட்கார்றாங்க. அவ விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

— தெரியாம என்ன? போட்டியில ஜெயிச்சா. கோப்பையைக் கையில வச்சுக்கிட்டு, ‘வேலைநிறுத்தம் பண்ணினதுக்கு ஜெயில்ல போட்ட பஸ் டிரைவர்களை விட்டுடுங்க’ன்னு மேடையில சொன்னா. அவ அப்பாவும் அதுல ஒருத்தர். உடனே கோப்பையைப் பிடுங்கிட்டு, ஒரு வருஷம் இந்தப் பக்கமே வராதேன்னுட்டீங்க.

— கம்பெனி சொன்னது.

— நீங்க கம்பெனி இல்லையா?

— நான் மேல்முறையீட்டுப் பிரிவு.

— அதாவது கத்தி அவங்க கையில, துடைக்கிற துணி உங்க கையில.

— அம்மா, இந்தப் பேச்சு பதிவாகுது.

— ஆகட்டும். நான் என்ன அடுத்தவங்க வீட்டு ஜன்னல்லயா எட்டிப் பார்த்தேன்? சரி, நேராவே கேட்கறேன். இன்னைக்கு எத்தனை பேருக்குக் கணக்கைத் திருப்பிக் கொடுத்தீங்க?

— இதுவரைக்கும்... யாருக்கும் இல்லை.

— அப்ப எதுக்கு இந்த நம்பர்? சுவத்துல கதவை வரைஞ்சு வச்சுட்டுத் தட்டச் சொல்றீங்களா?

— மன்னிக்கணும்.

— உங்க மன்னிப்பை வச்சு ஒரு காஜா கூட எடுக்க முடியாது. தம்பி, கேளுங்க. எனக்கு விளையாட்டுல ஒரு பைத்தியமும் இல்லை. பைத்தியமெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குத்தான். யார் கம்பெனிக்கோ வண்டி ஓட்டிட்டு வருவார், கை கால் கழுவுவார், விளையாட உட்கார்ந்துடுவார். விளையாட்டுக்குள்ள ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். மாடி, கொல்லைப்புறம், கிணறு எல்லாம். நிஜத்துல வாடகை வீடு, ஒழுகற கூரை. ‘அங்கயாவது ராணி மாதிரி இரு’ம்பார். கணக்கு என் பேர்ல.

— அவர் இப்போ...

— போன வருஷம் போயிட்டார்.

— மன்னிக்கணும்மா.

— இந்தத் தடவை சொல்லுங்க, பரவாயில்லை. உங்க விளையாட்டுல வாசல் கதவுக்குக் குரல் வைக்கலாம், தெரியுமில்லையா? தட்டினா உள்ளேயிருந்து பேசும். அவர் வச்சிருக்கார். ‘வர்றேன், வர்றேன், கதவு என்ன ஓடியா போயிடப் போகுது?’ நான் ராத்திரி மிஷினை மூடி வச்சுட்டுப் போய் ஒரு தட்டு தட்டுவேன். அவ்வளவுதான் நான் விளையாடற விளையாட்டு.

— அந்தக் குரலை உங்க போன்ல பதிஞ்சு வச்சுக்கலாமேம்மா?

— வச்சிருக்கேனே. போன்ல கேட்டா அது செத்துப் போனவர் குரல். அங்க போய்த் தட்டினா, உள்ள இருக்கற ஆளோட குரல். வித்தியாசம் புரியுதா?

— புரியுது.

— புரிஞ்சா சரி. இன்னைக்குச் சாயந்திரம் மனையைக் காலி பண்ணி வேற ஆளுக்குக் கொடுக்கப் போறதா உங்க ஆட்கள் எழுதியிருக்காங்க. காலில விழுந்தா வேலைக்காகும்னா சொல்லுங்க, விழறேன். போன்ல எப்படி விழறதுன்னுதான் தெரியலை.

— ஒரே ஒரு வழி இருக்கு. கடைசிக் கேள்வி. ‘முதலில் உட்கார்ந்தவர் யார்?’ அவரை அடையாளம் காட்டறவங்களுக்குக் கணக்கு உடனே திரும்பக் கிடைக்கும்.

— குடைக்காரரையா கேட்கறீங்க?

— பார்த்தீங்களா அவரை?

— பார்க்காம? மின்மினியைத் தண்டிச்ச மறுநாள். கதவுக்குப் பூசச் சாயம் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். சதுக்கத்து நடுவுல இருக்கற நீரூத்துப் படிக்கட்டுல குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர், அசையாம உட்கார்ந்திருக்கார். போறவங்க வர்றவங்க கேட்கறாங்க, ‘மின்மினிக்காகவா?’ பதில் இல்லை. ‘உங்களுக்குப் பயமா இல்லையா?’ பதில் இல்லை. என்ன நெஞ்சுரம்னு ஒருத்தன் பக்கத்துல உட்கார்ந்தான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் சதுக்கம் முழுக்கத் தலை. நான் நின்னு வேடிக்கைதான் பார்த்தேன், பதிவு பண்ணிக்கோங்க.

— அவர் எதுவுமே சொல்லலையா?

— கடைசியில எழுந்தார். ‘மன்னிக்கணும், டீ குடிக்கப் போயிருந்தேன்’னு எழுதினார். பாருங்க, அத்தனை பேரும் ஒரே கைதட்டல்! கம்பெனி மூஞ்சியில கரியைப் பூசின மாதிரி என்ன ஒரு நக்கல்! அன்னையிலேர்ந்து அதுதான் அவங்க கோஷம். உங்க போன்ல எல்லாரும் ஏன் டீ குடிக்கறாங்கன்னு இப்பத் தெரியுதா?

— மூணாவது மேஜை! எவ்வளவு நேரம்யா ஒரே ஆளை வச்சுக்கிட்டிருக்கே?

— சூப்பர்வைசர் சார், இவங்க அந்தக் குடைக்காரனை நேர்ல பார்த்தவங்க.

— அப்படிப் போடு! விடாதே. மேலிடத்துல என் தலையை உருட்டறாங்க. வெளியில ஆபீஸ் வாசல்ல கூட்டம், கேட்டைத் திறக்க முடியலை. நாம எல்லாரும் வீட்டுக்குப் போகணும்னா எனக்கு ஒரு பேர் வேணும். ஒரு போன் பேசிட்டு நானே உன் லைன்ல வர்றேன்.

— சரி சார்... அம்மா, இருக்கீங்களா? மெதுவாப் பேசறேன். கோப்பு தேடற பொத்தானை அழுத்தியிருக்கேன். தேடற நேரத்துப் பேச்சு பதிவாகாது.

— எதைத் தேடறீங்க?

— அந்தக் குடையில ஒரு கம்பி உடைஞ்சிருந்ததா?

— ஆமா. இடது பக்கம் தொங்கிட்டிருந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அந்த உடைஞ்ச கம்பியைச் சரி பார்க்கத்தாம்மா உள்ள போனேன். புதுசா வரப்போற குடை. சோதிச்சுப் பார்க்கறதுக்குன்னு ஆபீஸ்ல ஒரு பொதுக் கணக்கு உண்டு, எல்லா மேஜைக்கும் ஒண்ணுதான். யார் எப்ப நுழைஞ்சாங்கன்னு எழுதி வைக்கற வழக்கம் கிடையாது. கம்பியைப் பார்த்தேன். தலைவலி. எழுந்து போயிட்டேன்.

— எங்க போனீங்க?

— நிஜமாவே டீ குடிக்கத்தாம்மா போயிருந்தேன்.

— அட கடவுளே!

— சிரிக்காதீங்க.

— பின்ன அழவா? நெஞ்சுரம், நெஞ்சுரம்னு ஊரே கொண்டாடுது. அங்க டீயில சர்க்கரை போதலைன்னு நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்களா?

— திரும்பி வந்தா சுத்திலும் ஒரே கூட்டம். என்னன்னே புரியலை. மன்னிப்புக் கேட்டுட்டு வெளியே வந்துட்டேன். மறுநாள் இந்த மேஜையில உட்கார வச்சாங்க. நான் உட்கார வச்ச ஆளுங்களை நானே ஒவ்வொருத்தரா வெளியே தள்ளிக்கிட்டிருக்கேன்.

— சொல்லிட வேண்டியதுதானே?

— வீட்டுக்காரிக்கு அடுத்த மாசம் பிரசவம். வாயைத் திறக்கலை. ஆனா உங்க கதவு... அம்மா, சூப்பர்வைசர் வந்தா இப்படிச் சொல்லுங்க. ‘குடைக்காரர் எழுந்து போறதுக்கு முன்னாடி எங்கிட்ட பேசினார், மேல்முறையீட்டுப் பிரிவு மூணாவது மேஜைன்னு சொன்னார்.’ அது போதும். வீடு உங்களுக்கு.

— உங்களுக்கு?

— ஒருத்தரையாவது உள்ள விட்டுட்டு வெளியே போறேனே.

— பிள்ளைத்தாச்சி இருக்கான்னும் நீங்களே சொல்றீங்க, காட்டிக் கொடுன்னும் நீங்களே சொல்றீங்க. பெத்த தாய்கிட்டயாவது கேட்டுட்டுப் பேசறீங்களா?

— நேரமில்லைம்மா. அவர் வர்றார். பதிவு மறுபடி ஓடுது... சார், லைன்ல இருக்காங்க.

— வணக்கம்மா, சூப்பர்வைசர் பேசறேன். பயப்படாதீங்க. குடைக்காரன் யாரு? தெரிஞ்சதைச் சொல்லுங்க.

— சொன்னா என் வீடு நிக்குமா சார்?

— இந்த நிமிஷமே. நானே திறந்து விடறேன்.

— கதவு, குரல் எல்லாம் அப்படியே இருக்குமா?

— ஒரு செங்கல் குறையாது. சொல்லுங்க.

— எங்க வீட்டுக்காரர் ஒரு மாதிரி ஆளு சார். யார் தட்டினாலும் திறப்பார். அடுத்தவன் சோத்துல மண்ணைப் போட்டுட்டு வந்த ஆளுக்கு மட்டும், உள்ளேயே உட்கார்ந்துக்கிட்டு இல்லைன்னு சொல்லச் சொல்வார்.

— அம்மா, கதை கேட்க நேரமில்லை. ஆள் யாருன்னு தெரியுமா, தெரியாதா?

— அம்மா, சொல்லிடுங்க. தயவு செஞ்சு சொல்லிடுங்க.

— சும்மா இருங்க தம்பி. சார், நான் ஏன் உட்கார்ந்தேங்கறதுக்கு, இந்தத் தம்பி இஸ்திரிப் பெட்டின்னு ஒரு காரணம் குறிச்சு வச்சிருப்பார். முதல்ல அதை அடிச்சிடச் சொல்லுங்க.

— அடிச்சுட்டு?

— டீ குடிக்கப் போயிருந்தேன்னு எழுதச் சொல்லுங்க.