மூடி போட்ட தூக்குவாளி

— ரொட்டியப் பிச்சு உருட்டிப் போட்டா அருவான் வந்து கவ்வுமா, கிராணியாரே? அது என்ன உங்கள மாதிரி சைவமா?

— முதலாவது, அதின்ட பெயர் விரால். இரண்டாவது, நான் தோட்டக் கந்தோரில கணக்கெழுதிற கிராணி வேலையை விட்டுப் பதினொரு வருசம். வீரசிங்கம் எண்டு பெயர் சொல்லிக் கூப்பிடலாம், உடையப்பன். அதுக்கு மனு எழுதிக் குடுக்கத் தேவையில்லை.

— பழக்கம்லா. இருவத்தாறு வருஷம் ஆளுங்கள மேய்க்கிற மண்டோரா உங்க மேசைக்கு முன்னால நின்னுக்கிட்டே பேசின வாயி. இன்னிக்குத்தான் ஒக்காந்து பேசுது. அதுவும் சேத்துல.

— நாற்காலி கொண்டு வரச் சொல்லி நேற்றே செய்தி அனுப்பினனான்.

— செய்தியா அது? ஒன்னு, ரெண்டு, மூனுன்னு நம்பர் போட்டுப் பதினாலு சாமான். ஆறாவது, படிக்கிற கண்ணாடி. மீன் புடிக்கிற எடத்துல அது எதுக்கு? அருவான் கடிதாசி எழுதியா குடுக்கப் போவுது?

— ஏழாவது, மூடியுள்ள வாளி. நீர் கொண்டு வந்திருக்கிறது பெயின்ட் டின். அதுக்கு மூடியும் இல்லை, ஒரு பக்கம் அடியும் இல்லை.

— சின்ன ஓட்டதான். பசமண்ணு வெச்சு அடைச்சிருக்கேன்.

— விடிய ஏழு மணிக்கு வந்தம். இப்ப பதினொண்டே கால். உமக்கு இரண்டு திலாப்பியா, ஒரு லம்பாம் மீன். எனக்கு ஒரு சப்பாத்து, இடது கால். குறிச்சு வைச்சிருக்கிறன்.

— வலது காலும் மாட்டிச்சுன்னா போட்டுக்கிட்டுப் போலாம். திலாப்பியாவ எழுதாதீங்க. அது கொழம்புக்கு. வயித்தக் கிழிச்சுப் புள்ளைய எடுத்து ரெண்டு நாளாச்சு நித்தியாவுக்கு. காயம் ஆற அருவான் சூப்புதான்.

— சந்தையில வாங்கியிருக்கலாம்.

— அது தீவனம் தின்னு வளந்தது. பெத்த மகளுக்கு அதக் குடுப்பேனா? காட்டு அருவான், அதுவும் உயிரோட வீட்டுக்கு வரணும். நேத்து சுங்கை செம்பிலாங் வரைக்கும் போய்ப் பாத்தேன். அங்க அத்தனையும் கடல் மீனு. இந்த மழைக்கு நம்ம பம்ப் வீட்டுக் குளம்தான் கதி.

— கதிதான். குடைக்கு மேலயும் தண்ணி, கீழயும் தண்ணி. எந்தப் பக்கம் குளம் எண்டே விளங்கேல்ல.

— தூண்டி போட்டிருக்கிற பக்கம். உங்க தூண்டி மட்டும் செம்பன ஓலையில கெடக்கு, எடுங்க.

— காத்து.

— காத்துதான், பாவம். பந்தயம் ஞாபகம் இருக்குல்ல? யாரு தூண்டில்ல அருவான் மாட்டுதோ அவரு பேத்திக்குப் பேரு வைப்பாரு.

— என்ர மகன் நிமலும் உம்மட நித்தியாவும் எங்கள் இரண்டு பேரையும் "பேசி முடிவு செய்யுங்கோ" எண்டுதான் சொன்னவை. பந்தயம் உம்மட யோசனை.

— உங்ககிட்டப் பேசி எவன் ஜெயிச்சிருக்கான்? மீன்கிட்டயாவது ஜெயிச்சுப் பாக்குறேன்.

— ஜெயிச்சால் என்ன பெயர்?

— தெரியாத மாதிரிக் கேக்குறீங்க. சின்னத்தாய்.

— வகுப்பில முப்பது பிள்ளையள் தனுஸ்ரீ, யாஷினி எண்டு கையைத் தூக்கேக்க, உம்மட பேத்தி சின்னத்தாய் எண்டு எழும்பி நிற்க வேணும். பழைய செக்ரோல் வரவுப் புத்தகத்தில இருந்து எழும்பி வந்த மாதிரி இருக்கும்.

— இருக்கட்டும். அந்தப் புஸ்தகத்துல என் பொண்டாட்டி பேரு இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட லேட்டுன்னு நீங்க செவப்பு மை போட்டதில்ல. செத்துப் பதினாலு மாசமாச்சு. நித்தியா மாசமாவறதப் பாக்காமலே போய்ட்டா. ஒரு பேரு வெக்கிறதுக்கு உங்க காலுல விழணுமா?

— விழ வேண்டாம். ஏற்கெனவே சேறு.

— உங்க பேரு என்ன, சொல்லுங்க.

— முடிவு செய்திட்டன். மீன் பிடிச்ச பிறகு சொல்லுறன்.

— சொல்லுவீங்க, சொல்லுவீங்க. கல்யாணத்துக்கு வரலன்னு சொன்ன மாதிரி. ரெண்டு பக்கக் கடிதாசி, ரெஜிஸ்டர் தபால்ல. பத்தி ஒன்னு, வர இயலாமைக்கான காரணங்கள். பத்தி ரெண்டு, மேற்படி காரணங்களுக்கான விளக்கம்.

— பத்தி மூன்றில மன்னிப்பும் இருந்தது.

— அதுவரைக்கும் யாரு படிச்சா? அவ படிச்சா. படிச்சுட்டும், பந்தியில உங்களுக்கு ஒரு எல போட்டு வெச்சிருந்தா. மண்டபத்துக்காரன் வெளக்க அணைக்கிற வரைக்கும் அத யாரையும் எடுக்க விடல. நா திட்டினேன். "மகன் கல்யாணம்லா, கடைசி பஸ்ஸுக்காச்சும் வருவாரு"ன்னா.

— மழை கூடுது.

— அந்த எலையக் குறிச்சுக்கலியா?

— பேனை நனைஞ்சு போச்சு.

— அது கெடக்கட்டும். காலையிலேர்ந்து மடியில துண்டு சுத்தி பச்சப்புள்ள மாதிரி ஒன்னு வெச்சிருக்கீங்களே, என்னா அது? பசியாற எதும் கொண்டாந்தீங்களா?

— இல்லை.

— தங்கமா?

— உமக்குத் தேவையில்லாதது.

— அதான, கிராணி வீட்டுச் சாமான் மண்டோருக்கு எதுக்கு. சரி, தூண்டிய இப்புடிக் குடுங்க. ரொட்டிய எடுத்துட்டு ஒரு தவளைய மாட்டி விடுறேன். பாக்கவே பாவமா இருக்கு.

— எதிராளிக்குத் தவளை குடுக்கிற முதலாவது ஆள் நீராத்தான் இருப்பீர்.

— குடுத்தாலும் உங்களுக்கு மாட்டாது. அந்தக் கோரைக்குப் பக்கத்துல போடுங்க. அங்க இல்ல, அது என் தொப்பி. ஆங், அங்கதான். மெதுவா இழுங்க, தவள நீந்துற மாதிரி இருக்கணும்.

— தவளை நீந்துறதை நான் ஆய்வு செய்ததில்லை.

— பேசாம இழுங்க.

— உடையப்பன்.

— என்னா?

— இது சப்பாத்து இல்லை.

— விடாதீங்க. நுனியத் தூக்குங்க, தூக்குங்க. கோரைக்குள்ள விட்டா போச்சு. குடையக் கீழ போடுங்க, அது என்ன சீதனமா? பின்னால வாங்க, பின்னால. நா எறங்குறேன்.

— வழுக்கும், பாத்து.

— புடிச்சிட்டேன். நல்லா இருக்கு கத. அருவான்தான். மொழத்துக்கு ஒரு வெரக்கட கம்மி.

— என்ர தூண்டில்.

— ஒங்க தூண்டில்தான். என் தவள, என் கையி, ஒங்க தூண்டில். இந்தத் தோட்டத்துல எப்பவுமே இப்புடித்தான்.

— டின்னில போடும் முதல்ல.

— போட்டேன். ஐயையோ, துள்ளி வெளிய வந்துருச்சு. புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன். மண்ணடைப்பும் பிச்சுக்கிச்சு. தண்ணி நிக்கல. அந்த மூட்டைய அவுருங்க கிராணியாரே, ஏனம்னா குடுங்க. இது செத்தா சூப்புக்கு ஆவாது.

— பொறும். உள்ளுக்க ஒரு கடதாசி இருக்கு, நனையப்படாது. எடுக்கிறன். இந்தாரும், தண்ணி அள்ளிப் போடும். மூடியை இறுக்கும்.

— மாட்டிக்கிச்சு. வளைஞ்சு படுத்துக்கிச்சு. அப்பாடா. நல்ல கனமான தூக்கு. இந்தக் காலத்துல இந்த மாதிரி... இது என்னா?

— தூக்குவாளி.

— கழுத்துல பேரு வெட்டியிருக்கு. இது எங்க வீட்டுத் தூக்கு.

— ஓம்.

— எப்புடி உங்ககிட்ட?

— மூன்று வருசத்துக்கு முந்தி எனக்கு நெஞ்சில ஆப்பரேசன் நடந்தது தெரியும்தானே. பன்னிரண்டு நாள் சூப் வந்தது. ஆஸ்பத்திரிக் கன்டீன் மரக்கறி சூப் எண்டு நிமல் சொன்னவன். நாலாம் நாள் துண்டை அவிழ்த்துப் பாத்தன். கன்டீன்காரர் ஏனத்தில சின்னத்தாய் எண்டு வெட்டி வைக்கிறதில்லை.

— அந்த அருவான நாந்தான் புடிச்சேன், இதே குளத்துல. கல்யாணத்துக்கு வராத மனுசனுக்கு எதுக்குடின்னு திட்டிக்கிட்டே புடிச்சேன். மீனுன்னு தெரிஞ்ச பொறவும் குடிச்சீங்களா?

— மிச்சம் எட்டு நாளும். ஒரு சொட்டு விடேல்லை.

— அப்ப காலையிலேர்ந்து என்கிட்ட சைவம்னீங்களே?

— நீர்தான் சைவம் எண்டு சொன்னனீர். நான் மறுக்கேல்லை.

— கடைசி நாளு தூக்கு திரும்பி வரல. எங்கன்னு நா கேக்கப் போனேன். "கேக்காத, தானா வரும்"னா. சாவுற வரைக்கும் வரல, கிராணியாரே. அவ துஷ்டிக்குக்கூட வாசல்ல நின்னுட்டுப் போய்ட்டீங்க.

— அண்டைக்கும் காருக்குள்ள இருந்தது. வெறும் ஏனத்தைத் திருப்பிக் குடுக்கப்படாது எண்டு ஒரு வழக்கம். அதுக்குள்ள என்னத்தைப் போட்டுக் குடுக்கிறதெண்டு எனக்கு விளங்கேல்லை. பழம் போட்டுக் குடுக்கிற கடனே அது?

— இப்பத்தான் மீனு போட்டாச்சே. சரி விடுங்க. பந்தயம் உங்களுக்கு. ஒத்துக்குறேன், தோத்துட்டேன். உங்க வீட்டுப் பேர வெச்சுக்குங்க. எதா இருந்தாலும் எனக்குப் பேத்திதான்.

— மீன் இப்ப போட்டது. வீட்டில இருந்து வெளிக்கிடேக்க அதுக்குள்ள போட்டது இந்தக் கடதாசி. பிறப்புப் பதிவுப் பாரம். நேற்றுப் பின்னேரம் நிரப்பினன், பிள்ளையள் இரண்டு பேரும் பாத்துக் கையெழுத்து வைச்சிட்டினம். வாசியும்.

— கண்ணாடி கொண்டாரல.

— பட்டியல்ல ஆறாவது.

— நீங்களே படிங்க.

— வாசிக்கத் தேவையில்லை, சம்பந்தி. "குழந்தையின் பெயர்" எண்ட இடத்தில, உம்மட கையில இருக்கிற தூக்கின்ட கழுத்தைப் பாத்துத்தான் எழுதினனான். சரியோ எண்டு ஒருக்கா ஒத்துப் பாரும்.