மெயின அணைக்காதீங்க, பார்வதம் அக்கா

— அந்த மெயின் சுவிட்ச்ல கை வைக்காதீங்க பார்வதம் அக்கா, உங்க கால்ல விழறேன்.

— யாருப்பா போன்ல? செல்வகுமாரா? எங்கேர்ந்து பேசுற?

— மாடியில, ஆபீஸ் ரூம்ல. அஞ்சரை ஆனா நீங்க மெயின அணைச்சிடுவீங்களேன்னுதான் போன் போட்டேன்.

— இன்னா நைனா நீ? சனிக்கெழம இந்நேரத்துக்கு ஈ காக்கா இருக்காது. எல்லாரும் கெளம்பிட்டாங்கன்னு பெருக்கி முடிச்சு, படிக்கட்டு கேட்ட பூட்டிட்டு வந்து கீழ மெயின் ரூம்புல நிக்கிறேன்.

— பூட்டினா பரவால்ல. பத்து நிமிஷம் கரண்ட் மட்டும் வேணும். கட்டிங் மிஷினை ஓட்டுற கம்ப்யூட்டர் தெனம் நாலு வாட்டி நின்னு போகுதுல்ல, அதுக்கு பயாஸ் மாத்திட்டிருக்கேன்.

— பயாஸா? அது இன்னா எழவு?

— கம்ப்யூட்டர் கண்ணு முழிக்கிறப்ப மொத மொதல்ல வர்ற நெனப்புக்கா. மதர்போர்டுல ஒரு சின்ன சிப்புல இருக்கு. பழச அழிச்சிட்டுப் புதுசு ஏறுது. நடுவுல கரண்ட் போச்சுன்னா அப்புறம் முழிக்கவே முழிக்காது.

— முன்ன இந்த வேலைய பண்ணிக்கீறியா?

— இதான் மொத வாட்டி. போர்டு நம்பர மூணு தடவை சரி பாத்தேன். புது பென்டிரைவ் வாங்கினேன். எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சேன். ஏற ஆரம்பிச்சப்புறம் மேசைக்கடியில குனிஞ்சு பாக்குறேன், யுபிஎஸ்ஸக் காணோம். கம்ப்யூட்டர் பிளக்கு நேரா செவுத்துல சொருகியிருக்கு.

— யுபிஎஸ்ஸுன்னா?

— கரண்ட் போனாலும் கால் மணி நேரம் தாங்குமே, அந்தப் பொட்டி. எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். அது இருந்திருந்தா உங்கள ஏன் கெஞ்சப் போறேன்?

— அம்பத்தூர் எஸ்டேட்டே முங்கிப்போற மாரி மழ ஊத்துது. இங்க தண்ணி உள்ள வந்துகினு கீது. தண்ணி வந்தா மொதல்ல மெயின அணைன்னு வாட்ச்மேன் சின்னசாமி அண்ணாத்தே படிச்சுப் படிச்சு சொல்லிக்கீறாரு.

— திங்கக்கிழமை மிஷின் ஓடலேன்னா வேலைக்கு வராதேன்னு மேனேஜர் சொல்லிட்டாருக்கா. வீட்டுல என் சம்சாரம் பானுவுக்கு ஏழாம் மாசம். எனக்குப் பயமா இருக்கு.

— சரி சரி, அழுவாத. எம்மாம் ஏறிக்கீது?

— அறுபத்தெட்டு. நூறு வரணும். லைன்லயே இருங்க.

— இருக்கேன். சொல்லிகினே வா.

— எழுபது. எழுபத்தஞ்சு.

— ம்.

— எண்பத்திரண்டு. என்னக்கா, கொரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்ல. தண்ணில நிக்கிற காலு ஜிவ்வு ஜிவ்வுங்குது.

— செருப்பு போட்டிருக்கீங்கல்ல?

— சாமி படம் கீற ரூம்பு நைனா. செருப்ப எப்பவும் வாசல்லயே விட்டுடுவேன்.

— எவ்ளோ நேரமா இப்படி?

— நீ எழுபத்தஞ்சுன்ன பாரு, அப்பலேர்ந்து. இப்ப கொஞ்சம் ஜாஸ்தி.

— அப்பவே சொல்லக் கூடாதா? வெளிய வா அக்கா. மொதல்ல வெளிய வா.

— காலு எடுக்க வரல. நீ சொல்லு, எம்மாம்?

— எண்பத்தொம்பது. எதையும் கையால தொடாத. பக்கத்துல கட்டை, கம்பு ஏதாச்சும் இருக்கா?

— ஒட்டடைக் கம்பு கைல கீது. மூங்கிலு.

— காஞ்சிருக்கா?

— காஞ்சுதான் கீது.

— அதால மெயின கீழ தள்ளு.

— இன்னும் பத்து தானே. பல்ல கடிச்சிகினு நிக்கிறேன்.

— தள்ளுக்கா.

— பானு வாயும் வயிறுமா கீதேப்பா.

— வேலை போனா போகுது. நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கேன், ஓடிக்கூட வர முடியாது. தள்ளு.

— தள்றேன் நைனா.

— பார்வதம் அக்கா, இங்க எல்லாம் இருட்டாயிடுச்சு. பேசு. ஒரு வார்த்த பேசுக்கா.

— கீறேன், கீறேன். படியில ஏறி குந்திகினேன். காலு மரத்துப் போச்சு, அவ்ளோதான். உன் கம்ப்யூட்டரு?

— தொண்ணூத்தி ஒண்ணுல நின்னுடுச்சு. அத விடு. நீ கால நல்லாத் தேய்.

— உன் பொழப்ப என் கையாலயே அணைச்சிட்டனே நைனா.

— நான்தானே அணைக்கச் சொன்னேன்.

— இன்னொண்ணு கேக்கணும். எல்லாம் அணைஞ்சிடுச்சு, ஆயுத பூஜைக்கு சாமி படத்துக்குப் போட்ட சீரியல் பல்பு மட்டும் எரிஞ்சிகினே கீது. படத்துக்குப் பின்னாடி பலகை மேல ஒரு கருப்புப் பொட்டி பீப் பீப்புன்னு கத்துது. அதையும் அணைச்சிடவா?