எரிக்க முடியாத கார்டு

ஜொகூர் பாருவிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இளம்பெண் கைப்பேசியைத் தட்டியபடி தன் கணவனிடம், "உங்கள எரிச்சிட்டேங்க" என்றாள். நான் தூங்குவதைக் கைவிட்டேன்.

கணவன் எட்டிப் பார்த்தான். இருண்ட காட்டில் பேய்களோடு மோதும் சீட்டு விளையாட்டு அது. சீட்டுகளுக்கு வீட்டு ஆட்களின் பெயரை வைத்திருக்கிறாள்.

"ஏன் எரிச்ச?"

"உதவாத கார்ட எரிச்சாதான் உயிர் கூடும். இல்லாட்டி செத்துப்போயி, முதல்லேருந்து ஆடணும்."

"எவ்ளோ கூடுச்சு?"

"ரெண்டு."

"ரெண்டுதானா? குப்ப கேம்லா இது!"

"சூப்பர் கேம்ங்க. வேலைக்கு லீவு போட்டு ஆடலாம்னு இருக்கு."

"எங்கம்மா கார்ட மட்டும் ஏன் எரிக்கல?"

"அது சாபக் கார்டுங்க. எரிக்க முடியாது. கடைசி வரைக்கும் கூடவே வரும்."

"அலமாக்! இரு, வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க. இந்த கேம எனக்கு ஏத்திக் குடுத்ததே அத்தைதான். முதல்ல உங்கள எரிக்கச் சொன்னதும் அவங்கதான்."