டெப்பைப் பூட்டு

றஊப்: கீழ வெச்சிப்போட்டுக் கதைங்க மாப்பிள்ள. சாக்குக்குள்ள என்ன, களவெடுத்த கோழியா?

ஹஸன்: மெல்லமாக் கதைங்க றஊப் காக்கா. டாங்கி.

றஊப்: எந்த டாங்கி?

ஹஸன்: எங்கட மாமிட தண்ணி இறைக்கிற மிஷின்ட பெற்றோல் டாங்கி. பெற்றோல் திறந்து மூடுற டெப் கையோட வந்திட்டு.

றஊப்: ஆர்ட கையோட?

ஹஸன்: விழுந்திச்சி. வயல் வாடிக் குடிலுக்குள்ள இருந்து தூக்கக்குள்ள... விழுந்திட்டு.

றஊப்: டாங்கியில ஒரு நெளிவும் காணல்லியே. டெப் மட்டும் தனியா விழுந்ததாக்கும்.

ஹஸன்: கல்லில பட்டிருக்கும்.

றஊப்: சாகாமத்து வயலுக்குள்ள கல்லு. சரி... கல்லுக்குப் பல்லும் இருந்திச்சா? இந்தாப் பாருங்க, பித்தளையில ரெண்டு பக்கமும் ஸ்பெனர் கடிச்ச தழும்பு.

ஹஸன்: நீங்க பொலிசுக்குப் போயிருக்கலாம்.

றஊப்: போயிருந்தா இதுக்கிடையில நாலு அடி விழுந்திருக்கும். கல்யாணம் முடிச்சி முழுசா ஒரு போகம் வெட்டல்ல, அதுக்குள்ள பொய். தறியில இருந்தவனுக்கு ஸ்பெனர் என்னத்துக்கு?

ஹஸன்: காக்கா, ஈயத்தால ஒட்டித் தருவீங்களா மாட்டீங்களா?

றஊப்: ஒட்டலாம். என்ன அவசரம்?

ஹஸன்: பின்னேரம் அஸர் தொழுதிட்டு மாமி வயலுக்கு வாறா, கதிர் பாக்க. அதுக்கு முந்தி மிஷின் ஓடணும்.

றஊப்: ஓடாட்டி?

ஹஸன்: ஆர்ட கையால மிஷினுக்குப் பழுது வந்தாலும் அவருக்கு மிஷினும் இல்ல, வயலும் இல்ல, ரெண்டையும் பாலமுனை மருமகனுக்குக் குடுத்திருவன் எண்டு சொல்லிப்போட்டா. அந்த ஸமட் மச்சான் எப்ப எப்ப எண்டு இருக்கார்.

றஊப்: உங்கட மாமி சுபைறா ராத்தா சொன்னாச் சொன்னதுதான். சரி, வயல் போனா மருதமுனைக்குப் போய்த் திரும்பவும் தறியில குந்திற...

ஹஸன்: தறி எங்க? வித்துப்போட்டுத்தானே வந்தன். வெறுங்கையோட போனா என்ட பொஞ்சாதி ஜெமீலா என்னோட வருவாவா? அதையும் யோசிச்சிப் பாருங்க.

றஊப்: யோசிச்சன். அந்த வாளிய எடுங்க.

ஹஸன்: வாளி என்னத்துக்கு?

றஊப்: டாங்கிக்குள்ள தண்ணி ஊத்த.

ஹஸன்: பெற்றோல் டாங்கிக்குள்ள தண்ணியா... துரு ஏறாதா?

றஊப்: மோந்து பாருங்க.

ஹஸன்: பெற்றோல் வாசம்.

றஊப்: பெற்றோல் இல்ல, ஆனா வாசம் இருக்கி. இதுக்குக் கிட்ட சூடு காட்டின ஈயக்கோலக் கொண்டு போனா, டாங்கியும் இல்ல, கடையும் இல்ல, உங்கட மாமி தேடி வாறதுக்கு ஆளும் இல்ல. ஓட்டைய மேல பாக்க வெச்சி, கழுத்து மட்டும் ஊத்துங்க. இன்னும்... இன்னும்... போதும். பீடி இருக்கா பக்கட்டில?

ஹஸன்: இல்ல.

றஊப்: இருந்தா வெளிய வெச்சிட்டு வாங்க.

ஹஸன்: இல்ல எண்டன்தானே.

றஊப்: விழுந்திச்சி எண்டும்தான் சொன்னீங்க.

ஹஸன்: ...சரி. நான்தான் முறிச்சன். மாமா அங்கால வரம்பில நிண்டு கத்தினார். தம்பி, டெப்பப் பூட்டு, டெப்பப் பூட்டு எண்டு. பக்கத்திலயே ஸ்பெனரும் கிடந்திச்சி. எடுத்து இறுக்கிப் பூட்டினன்.

றஊப்: அவர் மூடச் சொல்லியிருக்கார்.

ஹஸன்: பூட்டு எண்டா மூடு எண்டு எனக்கென்னெண்டு தெரியும்? சக்கரத்தப் பூட்டு எண்டாலும் பூட்டுதான், கதவப் பூட்டு எண்டாலும் பூட்டுதான்.

றஊப்: வீட்டுக் கதவுக்கு ஸ்பெனர் எடுத்திட்டுப் போகாம இருந்தீங்களே, அல்ஹம்துலில்லாஹ்.

ஹஸன்: பகிடிக்கு இது நேரமில்ல.

றஊப்: அந்த முறிஞ்ச துண்டத் தாங்க. சுரண்டிப் பாப்பம்... ம்...

ஹஸன்: என்ன?

றஊப்: ஒண்டுமில்ல.

ஹஸன்: உங்கட முகத்தில ஒண்டுமில்லாத மாதிரித் தெரியல்ல.

றஊப்: நூல். மரைக்குள்ள நூல் சுத்தியிருக்கி. மீன் வல நூல்.

ஹஸன்: நான் நூல் சுத்தல்ல.

றஊப்: சுத்தின நூல் பெற்றோல் குடிச்சி ஊறியிருக்கி. இண்டைக்குச் சுத்தினதில்ல.

ஹஸன்: அப்ப... முன்னமே முறிஞ்சிருந்திச்சா? நான் முறிக்கல்லியா?

றஊப்: நீங்க கடைசியாத் தொட்ட ஆள். அவ்வளவுதான் என்னால சொல்லலாம்.

ஹஸன்: வேற ஆரு தொட்ட... பொறுங்க. அந்தச் செருமல்... மாமாட செருமல். காக்கா, நான் இஞ்ச வரல்ல.

றஊப்: அந்தச் சாத்தி வெச்ச லொறிக் கதவுக்குப் பின்னால போங்க. கால மடக்குங்க, சாரன் தெரியிது.

முகைதீன்பாவா: அஸ்ஸலாமு அலைக்கும். றஊப், தனியாவா இருக்காய்?

றஊப்: வஅலைக்கு முஸ்ஸலாம். வாங்க பாவா காக்கா. தனியாத்தான்.

முகைதீன்பாவா: ஆரோ கதைச்ச சத்தம் கேட்டிச்சி.

றஊப்: வேல செய்யக்குள்ள எனக்கு நானே கதைக்கிற.

முகைதீன்பாவா: நல்லது. மருமகன் வந்தானா? வயலில மிஷின் கிடக்கு, டாங்கியக் காணல்ல... ஓ, இந்தாக் கிடக்கே.

றஊப்: வந்தார், வெச்சிட்டுப் போயிட்டார்.

முகைதீன்பாவா: என்ன சொன்னான்?

றஊப்: விழுந்திச்சாம்.

முகைதீன்பாவா: விழுந்திச்சா... ம். பொய்யும் சொல்லத் தெரியுது. றஊப், ஒரு உதவி. டெப் முறிஞ்ச இடத்தில கொஞ்சம் நூல் கிடக்கும். அத அவன் காண முந்திச் சுரண்டி எடுத்திடு. ஆரும் கேட்டா, புதுசா முறிஞ்சதெண்டு சொல்லு.

றஊப்: அது ஏன் காக்கா?

முகைதீன்பாவா: ஏன் எதுக்கு எண்டு கேக்காத.

ஹஸன்: நான் கேக்கலாமா மாமா?

முகைதீன்பாவா: ...றஊப். தனியா இருக்கன் எண்டாய்.

றஊப்: கதவுக்கு இஞ்சால நான் தனியாத்தான் இருந்தன்.

ஹஸன்: நூல் உங்கட நூலா?

முகைதீன்பாவா: மகன், கோவப்படாத. நேத்து மிஷின நிப்பாட்டுவம் எண்டு தொட்டன். சும்மா தொட்டன், வல்லாஹி. கழண்டு கையில வந்திட்டு. சுத்தி வெச்சிட்டு வந்தன்.

ஹஸன்: இண்டைக்கு நான் தொடட்டும் எண்டு.

முகைதீன்பாவா: நான் அப்பிடி...

ஹஸன்: ஸ்பெனரையும் பக்கத்தில வெச்சி.

முகைதீன்பாவா: அது எப்பவும் அதிலதான் கிடக்கிற.

றஊப்: பாவா காக்கா, டெப்ப மூடு எண்டு சொல்லியிருக்கலாமே.

முகைதீன்பாவா: பூட்டு எண்டாலும் அதுதானே. ரெண்டும் ஒரே சொல்லுதானே.

றஊப்: அதத்தான் சொல்றன். நல்ல சொல்லாப் பாத்து எடுத்திருக்கீங்க. மூடினாலும் முறியும், இறுக்கினாலும் முறியும்.

ஹஸன்: என்ட தறிய வித்துப்போட்டு வந்தன் மாமா.

முகைதீன்பாவா: எனக்கென்ன, தறி இருக்கா விக்க? ஆர்ட கையால எண்டாலும் எண்டுதானே உன்ட மாமி சொன்னா. அந்த ஆரெண்டாலும் எண்டதில நானும் ஒருத்தன். வயலுக்குப் போகாட்டி விடிஞ்சாப் பொழுதுபட்டா அவட முகத்தத்தான் பாத்திட்டிருக்கணும். நீ வாலிபன், தாங்குவாய் எண்டு நெனச்சன்.

ஹஸன்: நல்ல நெனப்பு.

முகைதீன்பாவா: சரி, சொல்லப்போறியா மாமிக்கிட்ட?

ஹஸன்: சொன்னா உங்களுக்கு வயல் இல்ல. சொல்லாட்டி எனக்கு இல்ல.

முகைதீன்பாவா: ரெண்டு பேரும் வாயப் பூட்டினா?

றஊப்: இந்தப் பூட்டு எந்தப் பூட்டு எண்டு தெளிவாச் சொல்லிருங்க. அவர் ஸ்பெனர் எடுத்திருவார்.

ஹஸன்: மாமா, அது கிடக்கட்டும். இது என்ன?

முகைதீன்பாவா: எது?

ஹஸன்: நூலுக்குக் கீழ. வெள்ளையா அப்பியிருக்கி. தொட்டுப் பாருங்க, வழுக்குது.

முகைதீன்பாவா: நேத்தும் வழுக்கிச்சி. எண்ண எண்டு நெனச்சன்.

ஹஸன்: எண்ணயில்ல. மோந்தாத் தெரியுது, குளிக்கிற சவுக்காரம். நீங்க வெச்சதா?

முகைதீன்பாவா: நூல் என்டது, ஒத்துக்கொண்டன். சவுக்காரம் எனக்குத் தெரியா. எனக்குத் தெரிஞ்சிருந்தா நூலத் தேடி ஏன் கரைக்குப் போறன்?

ஹஸன்: அப்ப உங்களுக்கு முந்தியே முறிஞ்சிருக்கி.

முகைதீன்பாவா: எனக்கு முந்தி ஆரு? நேத்து வயலுக்குக் கொண்டு போகும் மட்டும் மிஷின் வீட்டு அறைக்குள்ளதானே கிடந்த.

ஹஸன்: றஊப் காக்கா?

றஊப்: ஈயம் உருகிட்டு. தள்ளி நில்லுங்க, கை நடுங்கப்படாது.

முகைதீன்பாவா: சவுக்காரத்தக் கண்டு நீ ஆச்சரியப்படல்லியே.

றஊப்: பெற்றோலுக்குச் சவுக்காரம் கரையாது. இந்தக் கரையில கன பேர் வெக்கிறதுதான். கதைக்காம அந்தக் கடதாசிப் பொட்டலத்த எடுத்துத் தாங்க. பழசு உதவாது, புது டெப்தான் ஒட்டப்போறன்.

ஹஸன்: புதுசா? அசல் டெப். இது எங்கால வந்த?

முகைதீன்பாவா: இத இஞ்ச காட்டு... கல்முனையில ஒரு கடையிலயும் இல்ல எண்டாங்களே. நேத்துப் பின்னேரம் முழுக்க இதத்தான் தேடித் திரிஞ்சன். ஆரு தந்த உனக்கு?

றஊப்: அசையாமப் பிடிங்க... ம், பிடிச்சிட்டு. ஆறட்டும். கையெடுக்காமக் கேளுங்க. முந்தநாள் சுபைறா ராத்தா வந்தா. டெப்பில பெற்றோல் சொட்டுதே எண்டு குறட்டால நெருக்கினாவாம், கையோட வந்திட்டாம். குளிக்கிற சவுக்காரத்த அப்பி ஒட்டி வெச்சிட்டு, மட்டக்களப்புக்கு ஆளனுப்பி இத எடுப்பிச்சி, நேத்து என்ட கையில தந்தா. 'ஆரெண்டாலும் எண்டு நான்தான் பெரிசாச் சொல்லிப்போட்டன் றஊப், எந்த முகத்தோட நான் கொண்டு வாற? ரெண்டு பேரில ஒருத்தர் எப்பிடியும் தூக்கிட்டு வருவார், ஒட்டிக் குடு. அவங்க கேக்காட்டி நீயும் சொல்லாத' எண்டா. நீங்க கேட்டுட்டீங்க.