தறி எண் ஒன்றுக்கு ஒரு பெயர்

காபி வேண்டாம் ஐயா. தப்பாக நினைக்காதீர்கள். ஆடை படிந்த காபியை என்னால் குடிக்க முடியாது, சிறுவயதிலிருந்தே அப்படித்தான். தட்டில் ஒரு தலைமுடி கிடந்தால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. என் மனைவி ஸிந்துஜா இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்துகொண்டிருப்பாள். இப்போது செய்வதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் அச்சுத். வயது முப்பத்து மூன்று. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இரண்டு அறை, மூன்று கம்ப்யூட்டர். பட்டியல்களைக் கம்ப்யூட்டர் கோப்பாக்கித் தருவது தொழில். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு தை மாதத்தில் நெசவாளர் மருத்துவக் காப்பீட்டு வேலை என்னிடம் வந்தது. ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருக்கிற நெசவாளர் சங்கங்கள் பெயர்ப் பட்டியல் கொடுக்கும். என்னிடம் வேலை பார்த்த சத்யப்ரியா அதை அடித்துக் கோப்புகளாகச் சேமிப்பாள். பெர்ல் மொழியில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் அந்த நாற்பத்து மூன்று கோப்புகளையும் படித்து, ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பாக எழுதித் தரும். அதைச் சென்னைக் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் பெயர் இருந்தால் அட்டை வரும், பெரிய ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வைத்தியம் நடக்கும். இல்லாவிட்டால் நடக்காது.

எக்ஸ்.எம்.எல். என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு தகவலையும் பெயர் ஒட்டிய டப்பாவில் போட வேண்டும். வயது டப்பாவில் வயது, ஊர் டப்பாவில் ஊர். திறந்த டப்பாவை மூடியே ஆக வேண்டும். ஒன்றை மூட மறந்தாலும் எந்தக் கம்ப்யூட்டரும் அந்தக் கோப்பைத் தொடாது. உலகத்தில் எனக்குப் பிடித்தவை என்று எண்ணினால் நாலைந்துதான் தேறும். அதில் இது ஒன்று.

ஆனால் சங்கங்களிலிருந்து வந்த காகிதங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெற்றிலைக் கறை, எண்ணெய்க் கை, அடித்தல் திருத்தல். வயது என்று கேட்டால் ‘சுமார் நாற்பது’. முகவரி என்று கேட்டால் ‘மேற்படி’, அதற்குக் கீழே பதினாலு வரிக்கு மேற்படி. தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புண்ணியவான் ‘காலமானார்’ என்று எழுதியிருந்தார். அதையெல்லாம் தொட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். உண்மையிலேயே அருவருப்பாக இருந்தது ஐயா. காகிதம் மட்டுமல்ல, அதை எழுதிய மனிதர்களும்தான்.

இரண்டு மாதம் உட்கார்ந்து அவ்வளவையும் சுத்தப்படுத்தினேன். பங்குனியில் கோப்பை அனுப்பினேன். அரை மணியில் திரும்பி வந்துவிட்டது. ‘தறி எண் மீண்டும் வருகிறது’ என்று அறுநூற்றுப் பதினேழு பிழைகள்.

காரணம் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். சேலையின் உடலை ஒருவர் நெய்வார், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் கோத்த நாடாவைத் தள்ள இன்னொருவர். பெரும்பாலும் புருஷன் உடல் நெய்வான், பெண்டாட்டி கரை போடுவாள். சங்கத்துக்காரர்கள் அதே எண்ணில் இருவர் பெயரையும் எழுதியிருந்தார்கள். சென்னையில் விதி எழுதியவருக்கு இது தெரியாது. ஒரு தறிக்கு ஒரு ஆள் என்று நினைத்து, எண் இரண்டாம் முறை வரக்கூடாது என்று எழுதிவிட்டார்.

நான் ஒரு கடிதம் போட்டிருக்கலாம். ‘எங்கள் ஊரில் ஒரு தறியில் இருவர் உட்காருவார்கள், விதியைத் திருத்துங்கள்’ என்று மூன்று வரி. பதினைந்து நாள் ஆகியிருக்கும். அந்தப் பதினைந்து நாளும் என் கோப்பு பிழையுள்ள கோப்பு என்று அங்கே கிடந்திருக்கும். அந்த நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. ஸ்கிரிப்டில் நாலு வரி சேர்த்தேன். ஒரு தறி எண்ணில் முதலில் வரும் பெயரை வைத்துக்கொள். அடுத்து வருவதை விட்டுவிடு.

முதலில் வருவது புருஷன் பெயர் என்று எனக்குத் தெரியும். அடுத்து வருவது யார் என்பதும் தெரியும்.

மறுபடி அனுப்பினேன். ‘பிழைகள்: 0’ என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்தேன். தலைக்குக் குளித்து எழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆவணியில் முசரவாக்கத்திலிருந்து ராஜகோபால் என்ற நெசவாளி மனைவியைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். அந்த அம்மாள் பெயர் தேவகி. பதினெட்டுப் படிக்கு நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, ஐப்பசிக்குள் மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“சார், ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர்ல பேரே இல்லன்றாங்க சார்,” என்றார் ராஜகோபால். “என் பேர் இருக்குது. இவ பேர் இல்ல. சங்கத்துல ரெண்டு பேருக்கும் ரசீது குடுத்துக்கிறாங்க, பாருங்க.”

தேவகி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “இருவத்திரெண்டு வருசமா அந்தத் தறியிலதான்பா ஒக்காந்துக்கினு இருக்கேன். நான் எப்டி இல்லாம பூடுவேன்?”

அவள் புடவையில் விக்ஸ் வாடையும் வியர்வை வாடையும் அடித்தது. நான் ஜன்னலைத் திறந்தேன். விட்டுப்போன பெயர்களைச் சேர்ப்பதற்கென்று கூடுதல் பட்டியல் ஒன்று உண்டு. எந்தத் திங்கட்கிழமையும் அனுப்பலாம், அரை மணி வேலை. ஆனால் அவளைச் சேர்த்தால் அதே தறி எண் மறுபடி வரும். ஏன் என்று சென்னையில் கேட்பார்கள். ஒன்றை இழுத்தால் அறுநூற்றுப் பதினேழும் வெளியே வரும். சங்கம் பெயரே கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்போது சத்யப்ரியா எழுந்து நின்றாள். “இல்ல சார், நான் அடிச்சேன் சார். முசரவாக்கம், தேவகி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.”

நல்ல பெண். ஞாபகசக்தி அதிகம். பார்த்துச் சொல்கிறேன், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று அவர்களை அனுப்பினேன்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பதினோரு வரிதான். அவள் அடித்த மூலக் கோப்புகள் ஒவ்வொன்றையும் திறந்து படித்து, இரண்டாவது பெயர்களை எடுத்துவிட்டு, மீதியைப் புதிதாக எழுதி, கோப்பின் தேதியையும் பழையபடி மாற்றி வைத்தது. நாற்பத்து மூன்று கோப்புகளும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தன. எல்லா டப்பாவும் மூடியிருந்தது.

ராஜகோபால் வந்தபோது சத்யப்ரியாவைக் கூப்பிட்டு, அவள் கோப்பை அவளையே திறக்கச் சொன்னேன். மேலும் கீழும் பத்து முறை தேடினாள். “அடிச்ச மாதிரிதான் சார் இருந்துச்சு,” என்றாள். பிறகு, “விட்டுட்டேன் போலருக்குது,” என்றாள். தன் கண்ணைவிடக் கம்ப்யூட்டரை நம்பும் பெண். இனிமேல் புதுப் பெயர் சித்திரையில்தான் சேர்க்க முடியும் என்று நான் அவர்களிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் பிடித்து முசரவாக்கம் போய், தேவகியின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை வந்து என்னிடம் சொன்னாள். “அந்தம்மா என்னைத் திட்டவே இல்ல சார். சாப்ட்டுப் போம்மான்னாங்க.” அவளை வேலையை விட்டு நிறுத்தினேன். தப்பு செய்தவளை வைத்துக்கொண்டிருந்தால் சந்தேகம் வரும் இல்லையா?

ஐப்பசி இரண்டாவது வாரம் தேவகி இறந்துபோனாள். தறியில்தான், உட்கார்ந்தபடியே.

அதற்குப் பிறகு இன்னும் ஆறு பெண்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். முசரவாக்கம் சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் சங்கத்திலிருந்த அழுக்குப் பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனார். நீங்கள் விசாரணைக்கு வந்தீர்கள். கெட்டிக்காரர் ஐயா நீங்கள். ஒரு பெண் அறுநூற்றுப் பதினேழு தடவையும் குறி வைத்த மாதிரி இரண்டாவது பெயரையே விட்டிருக்க முடியாது என்று சத்யப்ரியாவை விட்டுவிட்டீர்கள். மெஷின்தான் என்று கண்டுபிடித்தீர்கள்.

ஸிந்துஜாவிடம் நானே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பதினோரு வரியில் எப்படி முடித்தேன் என்பதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். அவளும் கொஞ்சம் கம்ப்யூட்டர் படித்தவள், ரசிப்பாள் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தெரிஞ்சேவா பண்ணினேள்?”

“தெரியாமல் எப்படிப் பண்ண முடியும்?” என்றேன்.

அவள் எழுந்து முற்றத்துக்குப் போய் வாந்தி எடுத்தாள். பிடித்துக்கொள்ளப் போன என் கையைத் தட்டிவிட்டாள். “தொடாதீங்கோ. எனக்குக் குமட்டறது.” அன்றே திருமுக்கூடலுக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் வாந்தியை நான்தான் கழுவினேன். மூன்று முறை பினாயில் போட்டேன்.

அதனால் மனம் திருந்தி இங்கே வந்திருக்கிறேன் என்று எழுதிவிடாதீர்கள். நேற்று உங்கள் அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. ஆறாம் பக்கத்தில், ‘ஸ்கிரிப்டில் தற்செயலாக நேர்ந்த பிழையால் பெயர்கள் அழிந்தன, எவர் மீதும் குற்றமில்லை’ என்று போட்டிருக்கிறீர்கள். என்னைக் காப்பாற்றும் வரிதான், எனக்குப் புரியாமல் இல்லை. வேறொருவனாக இருந்தால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பான். எனக்கு நேற்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் ஸ்கிரிப்டில் நூற்று அறுபது வரி, இரண்டாவதில் பதினொன்று. இரண்டையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். யாரை வேண்டுமானாலும் படிக்கச் சொல்லுங்கள். தேவகியின் பெயரை நான் தெரிந்தே எடுத்தேன், இருந்ததை இல்லை என்றேன், அவள் செத்துப்போவாள் என்று தெரிந்தும் சும்மா இருந்தேன். அதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆறாம் பக்கத்தில் அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. என் ஸ்கிரிப்டில் பிழை எதுவும் இல்லை.