கண்ணை மூடிய போட்டோ

புனேயிலிருந்து பிம்ப்ரி போகும் பஸ்ஸில் முன் சீட்டுத் தம்பதி தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நான் படிச்ச நூறு வருஷ கவர்ன்மென்ட் ஸ்கூல். அதோட சுவத்துல, அங்க படிச்ச மந்திரி, ஜட்ஜ் படத்துக்கு நடுவுல நான் கண்ணை மூடிக்கிட்டு நிக்கறேன்," என்றார் கணவர்.

"அது உங்க ஸ்கூல்ல படிச்ச அந்தப் பெரிய கிரிக்கெட்காரருக்காக மாட்டின குரூப் போட்டோங்க," என்றார் மனைவி, கோயமுத்தூர்ப் பேச்சில்.

"அவன் என் கிளாஸ்மேட்னு பத்து வருஷமா சொல்றேன். நீ நம்பல."

"இன்னிக்கு ஸ்கூல் நூறாவது வருஷ விழாவுல மேடையை விட்டு எறங்கி வந்து உங்களைக் கட்டிப் புடிச்சாரே, அப்பத்தான் நம்புனேன். காதுல என்னங்க சொன்னாரு?"

"கணக்குப் பரீட்சையில நீ காட்டலேன்னா நான் எட்டாவதே தாண்டியிருக்க மாட்டேண்டான்னான்."

"அதை மைக்குல சொல்லியிருக்கலாமுங்க," என்ற மனைவி, பிம்ப்ரி வரும்வரை கணவர் கையை விடவே இல்லை.